மார்ட்டினிக்குத் தொட்டுக்க: கரையிலும் வேலியோரத்திலும் பறித்தவை

#1 உப்பங்கழி (நார்ஃபோக், இங்கிலாந்து)

வணக்கம் மக்களே. ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஆறு பேர் வர்றாங்க. பெரிய விருந்தெல்லாம் இல்ல. ஆளுக்கு ஒரு மார்ட்டினி (நல்லாக் குளிர்ந்த ஜின்னோட கொஞ்சம் வெர்முத்ங்கிற மூலிகை ஒயின்), வேணும்னா இன்னொண்ணு, கொறிக்க நாலஞ்சு ஐட்டம், மிச்சமெல்லாம் பேச்சு. எட்டரைக்கு மேல ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.

கொறிக்கிறது முடிஞ்ச வரைக்கும் நானே பறிச்சதா இருக்கணும்னு ஆசை. இந்தக் கரையில் இப்போ சாம்ஃபயர் காலம். வேதாரண்யம், பிச்சாவரம் பக்கத்து ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும், நம்ம உமரிச் செடியோட பங்காளி. கடல் தண்ணி ஏறி இறங்குற சேத்துல கணுக்கணுவா பச்சைக் குச்சியா நிக்கும், இலைன்னு தனியா எதுவும் தெரியாது. நுனியை மட்டும் கத்தரியால வெட்டணும், வேரோட இழுக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணில உப்பு போடாம ஒரு நிமிஷம், உடனே ஐஸ் தண்ணில. அப்புறம் கொஞ்சம் வெண்ணெய், எலுமிச்சை. ஆகஸ்ட் தாண்டினா உள்ளே நார் விழுந்திடும், பல்லுல கடிச்சு உருவித்தான் தின்னணும்.

என் கட்சி இதுதான்: மார்ட்டினிக்கு சிக்கன் 65, பக்கோடா, மசாலா கடலை எதுவும் சரிப்படாது. அந்தக் குளிர்ந்த ஜின்னுக்கு உப்பு, புளிப்பு, ஒரு துளி கசப்பு போதும். காரமும் எண்ணெயும் வந்தா ஜின் வெறும் எரிச்சலாத்தான் தெரியும்.

ரெண்டு கேள்வி. ஆறு பேருக்கு ஒவ்வொண்ணா கலக்கிட்டு நின்னா நான் எப்போ பேச்சுல உட்கார்றது? அப்புறம், உங்க ஊர்ல இதுக்குத் தொட்டுக்க என்ன வைக்கிறீங்க?

#2 மாமாவின்_மருமகன் (சென்னை)

அண்ணே, எங்க செட்டுல ஆஃப் பாட்டில், ரெண்டு லிட்டர் சோடா, ஒரு பாக்கெட் மிக்சர். மார்ட்டினின்னு சொன்னா கோட்டு சூட்டு போட்டுட்டு வரணுமாடான்னு கேப்பானுங்க.

ஆனா ஜின் இப்போ பிரச்சினை இல்ல. 2017 வாக்குல ஆரம்பிச்சு கோவாவில காய்ச்சுற நல்ல ஜின்கள் வரிசையா வந்தாச்சு. ஹபூசான்னு ஒண்ணு, ஜின்னுக்கு வாசம் தர்ற ஜூனிபர் காய், அதுவும் இமயமலைப் பக்கம் தானா விளையிறதைப் போட்டு இறக்குறாங்க. பிடிச்சுப் போச்சுன்னா அதை விட்டு வர மனசு வராது. மாட்டிக்கிறது வெர்முத்துலதான். நம்ம ஊர்க் கடையில கேட்டா, அது என்ன மருந்தாங்கிற மாதிரி பாக்குறாங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற மச்சானுக்குச் சொல்லி வைக்கிறதுதான் வழி. ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் டூட்டி கிடையாதுல்ல.

அப்படி வந்த பாட்டிலை என் ஃப்ரெண்டு ஷோகேஸ்ல வச்சு, விசேஷத்துக்கு விசேஷம் ரெண்டு ஸ்பூன் எடுக்கிறான். வருஷக் கணக்கா அதே பாட்டில். அவன் போடுற மார்ட்டினி ஏன் பழைய புளித்தண்ணி மாதிரி இருக்குன்னு யாராவது சொல்லுங்க.

#3 பார்_மேசை (லண்டன்)

> வருஷக் கணக்கா அதே பாட்டில்

பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. வெர்முத் சாராயம் இல்ல, ஒயின். மூலிகை ஊறவச்சு, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து 15 முதல் 18 சதவீதம் வரை கொண்டுவந்த ஒயின். மூடி திறந்துட்டா ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும், ஒண்ணு ரெண்டு மாசத்துல தீரணும். அரை பாட்டில் கிடைச்சா அதையே வாங்குங்க. மார்ட்டினி பிடிக்கலைன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கெட்டுப்போன வெர்முத்தைக் குடிச்சவங்க. பார்ல வேலை பாத்தவன் சொல்றேன், நம்பலாம்.

உப்பங்கழி, உங்க முதல் கேள்விக்கு வர்றேன். அன்னைக்குக் காலையிலேயே கலந்து ஃப்ரீசர்ல வச்சுடுங்க. 700 மில்லி பாட்டில் ஒண்ணு காலியா எடுத்துக்கிட்டு, 500 மில்லி ஜின் (43 சதவீதமோ அதுக்கு மேலயோ), 100 மில்லி டிரை வெர்முத், 80 மில்லி குடிதண்ணி. தண்ணியைப் பாத்து யாரும் முகம் சுளிக்காதீங்க. ஐஸ் போட்டுக் கலக்கும்போது உருகி உள்ளே போற தண்ணிதான் அது. அந்தத் தண்ணி இல்லாட்டி தொண்டை எரியும். இந்தக் கலவை கிட்டத்தட்ட 34 சதவீதம் வரும், வீட்டு ஃப்ரீசரோட மைனஸ் 18-ல உறையாது. ஊத்தும்போது கொஞ்சம் தடிப்பா, எண்ணெய் இறங்குற மாதிரி இறங்கும். அதைப் பாக்கிறதே ஒரு சுகம்.

ஆளுக்கு 55 மில்லி. ஆறு பேர், ரெண்டு சுத்து, 660 ஆச்சு. மேல எலுமிச்சைத் தோலை ஒரு விரல் நீளத்துக்குச் சீவி, கிளாஸுக்கு மேல பிடிச்சு முறுக்கினா தோல் எண்ணெய் புகை மாதிரி மேலே படியும். வெளிச்சத்துல பாத்தீங்கன்னா தெரியும். வெள்ளைச் சதை ஒட்டாம சீவுங்க, கசக்கும்.

கிளாஸ் சின்னதா இருக்கணும், அதையும் ஃப்ரீசர்ல வைங்க. விளம்பரத்துல வர்ற அந்த அகல வாய்க் கிளாஸ் ஒண்ணுக்கும் உதவாது. பாதி குடிக்கிறதுக்குள்ள சூடாயிடும்.

#4 வடதிசை (ஸ்டாக்ஹோம்)

ஃப்ரீசர் முறைக்கு என் ஓட்டும். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் இருக்கிற டியூக்ஸ் பார் இதுக்குத்தானே பேர் போனது? ஜின்னை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, தள்ளுவண்டியில் மேசைக்கே கொண்டுவந்து ஊற்றினார்கள். ஐஸும் இல்லை, கலக்கலும் இல்லை. ஆளுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டோம் என்பது அங்கே சட்டம். வெனிஸில் ஹாரிஸ் பாரில் (1931-ல் ஜுசெப்பே சிப்ரியானி திறந்தது) காம்பே இல்லாத குட்டிக் கிளாஸில் வந்தது. விலையைப் பார்த்துத்தான் எனக்குப் போதை ஏறியது.

இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் பேச்சு என்று பார்த்தால் வீடுதான். பாரில் பக்கத்து மேசைக்காரன் சத்தத்துக்கு நாமும் கத்த வேண்டியிருக்கிறது.

#5 கரிசல்மண் (விருதுநகர்)

தொட்டுக்க எங்க பக்கம் வாங்க. மழை பேஞ்சதும் கரிசக்காட்டுல அதலைக்காய் தானா கொடியோடும். பாவக்காய்க்குத் தம்பி, விரல் நுனி பருமன்தான் இருக்கும், கசப்புல அண்ணன். பறிச்ச அன்னைக்கே வதக்கிரணும். ஒரு நா வச்சிட்டா வெடிச்சு விதை தெறிச்சிரும். சின்ன வெங்காயம், உப்பு, நல்லெண்ணெய் விட்டு மொறுமொறுன்னு வதக்கி வச்சா, உப்பங்கழி அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு துளி கசப்பு அதுதான்.

அது இல்லாத காலத்துக்கு மிதுக்கு வத்தல். மிதுக்கங்காயை மோர் உப்புல ஊறப்போட்டு வெயில்ல காயவச்சது, வீட்டுக்கு வீடு டப்பாவுல கெடக்கும். எண்ணெயில போட்டதும் உப்பி வரும்.

ஈசல் தின்னிருக்கீங்களா யாராச்சும்? மொத மழை விழுந்த சாயங்காலம் விளக்கு வச்சுப் பிடிச்சு, இறகு உதுத்து, அரிசியோட வறுத்தா தேங்காய்ப்பால் வாசம் வரும். இதை எந்த பார்லயும் தர மாட்டான்.

#6 சுத்தசைவம் (மதுரை)

ஈசல் வரைக்கும் வந்தாச்சா. நடத்துங்க.

கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. குடிக்குச் செடி கொடி, வெனிஸ், எலுமிச்சைத் தோல்னு ஒப்பனை பண்ணினா அது குடி இல்லைன்னு ஆயிடுமா? எங்க தெருவுல மத்தியானமே விழுந்து கிடக்கிறவனும் குடிக்கிறான், நீங்களும் குடிக்கிறீங்க. அவன்கிட்ட கிளாஸ் சரியில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

#7 உப்பங்கழி

> அவன்கிட்ட கிளாஸ் சரியில்ல

கோவமெல்லாம் இல்ல, கேக்க வேண்டிய கேள்விதான். சாராயம் சாராயம்தான். கணக்கையே போட்டுடறேன். பார்_மேசை சொன்ன 55 மில்லி கிளாஸ் ஒண்ணுல ஏறக்குறைய 19 மில்லி சுத்த ஆல்கஹால். இங்கே இங்கிலாந்துல 10 மில்லியை ஒரு யூனிட்னு எடுத்துக்குவாங்க, வாரத்துக்கு 14 யூனிட் தாண்டாதீங்கன்னு அரசு மருத்துவ ஆலோசனை. ரெண்டு கிளாஸுக்கே நாலு யூனிட் கிட்ட வந்துடுது. அதனாலதான் சின்னக் கிளாஸ், அதனாலதான் ரெண்டோட நிறுத்தம், அதனாலதான் பின்னாடி சோறு. வண்டி ஓட்டுறவருக்கு ஒண்ணு கூடக் கிடையாது.

உங்க தெருவுல நடக்கிறதுக்கு இதுல பதில் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

#8 மாமாவின்_மருமகன்

சின்ன அளவு கள் கிடைச்சா எனக்கே கொடுத்துடுவான், நிறைய கிடைச்சா என்னைப் பாட வச்சு மிச்சத்தைத் தான் குடிப்பான்னு அதியமானை நினைச்சு ஔவை அழுதிருக்காங்க சார். ரெண்டாயிரம் வருஷமா நம்மகிட்ட இருக்கிற பழக்கம்.

#9 சுத்தசைவம்

அதியமான் செத்தப்புறம் பாடினது அது. ஔவையை இழுக்காம இந்த இழையில ஒரு பக்கம் போகாதுன்னு தெரியும்.

#10 பனங்காட்டான் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஆக்கள் பைற்ஸ் (கொறிக்கிற சாமான்) இல்லாமல் ஒரு சொட்டும் தொடமாட்டினம், அதால இந்தக் கதையில நானும் கலந்துகொள்ளுறன்.

ஊரில இருந்து ஆரும் வந்தால் புழுக்கொடியல் கொண்டுவரச் சொல்லுவன். பனங்கிழங்கை அவிச்சுக் காயவிட்டது. சும்மா கடிச்சால் பல்லுப் போயிடும். மெல்லிசாச் சீவி, தேங்காய்ச் சொட்டோட ஒரு தட்டில வைச்சுப் பாருங்கோ. மெல்ல நேரம் எடுக்கும், அதால குடிக்கிறதும் மெதுவாப் போகும், கதைக்கவும் நேரம் கிடைக்கும். ஜின்னுக்குக் கொழும்பு நம்பர் 7 எண்டு ஒண்டு இருக்கு. ஜூனிபரோட கறிவேப்பிலை, கறுவா, இஞ்சியும் போட்டது. உலகப் போர்க் காலத்தில வழமையான மூலிகைச் சாமான் வராமல் நிண்டபோது, உள்ளூரில கிடைச்சதை வைச்சு உண்டாக்கின கலவையாம். மார்ட்டினியில கறிவேப்பிலை வாசம் எழும்பேக்க, ஜின் பிடிக்காத என்ர மனுசியும் ஒரு வாய் கேட்டவ.

இஞ்ச வசந்தத்தில ஃபிடில்ஹெட் எண்டு ஒரு பன்னத்தளிர் (ஃபெர்ன் செடியின்ர குருத்து) வரும், சுருண்டு வயலின் தலை மாதிரி. சந்தையிலயும் விக்கிறாங்கள். அதைப் பச்சையாயோ அரை அவியலாயோ தின்னக்கூடாது. கனடாச் சுகாதாரத் திணைக்களம் 15 நிமிசம் அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திவிடச் சொல்லுது. அவிச்சுப்போட்டு, வெண்ணெயில பிரட்டி, கொஞ்சம் உப்பு. நல்லது.

#11 வடதிசை

இங்கே ஸ்வீடனில் காட்டில் பறிப்பதற்கு உரிமையே இருக்கிறது. அல்லெமான்ஸ்ரேத்தன் என்பார்கள். யாருடைய காடாக இருந்தாலும் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் மட்டும் நுழையக் கூடாது. இதற்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம்: நிற்கும் மரத்தில் கிளை, தளிர் ஒடிக்க அந்த உரிமை கிடையாது. ஸ்ப்ரூஸ் மரத்தின் இளந்தளிர் மே மாதத்தில் எலுமிச்சைப் புளிப்போடு இருக்கும், ஜின்னுக்கு அருமை. அதற்கு நிலத்துக்காரரிடம் கேட்டாக வேண்டும். என் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு ஈடாக ஒரு மரம் முழுக்க எனக்கு எழுதிக்கொடுத்த மாதிரி பேசுகிறார்.

எங்கள் வீட்டில் ஆகஸ்ட், செப்டம்பரில் மார்ட்டினிக்கு ஒரே கொறிப்பு: கந்தரெல் காளான் வைத்த ரொட்டி. கழுவக் கூடாது, பிரஷ்ஷால் மண்ணைத் தட்ட வேண்டும். காய்ந்த வாணலியில் எண்ணெயில்லாமல் போட்டால் முதலில் நிறையத் தண்ணீர் விடும். அது முழுக்க வற்றும் வரை காத்திருக்க வேண்டும். காளான் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட ஆரம்பிக்கும். அப்போதுதான் வெண்ணெயும் உப்பும். அவசரப்பட்டு முதலிலேயே வெண்ணெய் போட்டால் வேகவைத்த காளான்தான் கிடைக்கும்.

பானத்துக்கு மட்டும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். 3.5 சதவீதத்துக்கு மேல் உள்ளதைப் பாட்டிலாக வாங்கப் பெரும்பாலும் அரசுக் கடைதான். சனிக்கிழமை பிற்பகலோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவளுக்கு அரசுக் கடை ஒன்றும் புதிதில்லை. வரிசையில் யாரும் முட்டிக்கொள்ளாததுதான் புதிது.

#12 மாமாவின்_மருமகன்

காளான்னதும் ஞாபகம் வருது. இடி இடிச்ச மறுநாள் எங்க பாட்டி ஊர்ல வயக்காட்டுல குடை குடையா முளைக்கும். போன மாசம் ஏற்காட்டுல அதே மாதிரி பாத்தேன், வெள்ளையா, அடியில பை மாதிரி. போட்டோ போடவா? யாராவது சாப்பிடலாமான்னு சொன்னா அடுத்த வாட்டி ட்ரை பண்ணலாம்.

#13 யூகலிப்டஸ் (கான்பெரா)

போட்டோ போடாதீங்க. போட்டாலும் யாரும் பதில் சொல்லாதீங்க.

எங்க ஊர்ல 2012 புத்தாண்டு சமயத்துல காளான் சாப்பிட்டு ரெண்டு பேர் செத்துப்போனாங்க. சாப்பிட்டது டெத் கேப். இங்கே ஓக் மரத்தடியில மழைக்கப்புறம் வர்றது. ஆசியாவுல நாம சாப்பிடுற வைக்கோல் காளானுக்கும் அதுக்கும் சின்ன வயசுல வித்தியாசம் சொல்றது கஷ்டம். ரெண்டுக்கும் அடியில அந்தப் பை உண்டு. வைக்கோல் காளானைக் கவிழ்த்து வச்சா தாளில் விழுற தூள் இளஞ்சிவப்பு, இதுக்கு வெள்ளை. ஆனா அந்த ஒரு சோதனையை நம்பி வாயில வைக்கிறதும் பைத்தியக்காரத்தனம்.

வேகவச்சாலும் வறுத்தாலும் அதோட விஷம் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகித்தான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் சரியான மாதிரி இருக்கும், உள்ளே ஈரல் போய்க்கிட்டிருக்கும். ஊர்ல பாட்டிக்குத் தெரிஞ்ச காளான் அறிவு, வேற மண்ணுல செல்லாது. பாட்டி பக்கத்துல நின்னு காட்டினாலே ஒழிய, நம்ம மலையிலயும் செல்லாது.

#14 வடதிசை

கான்பெராக்காரர் சொல்வது முழுக்கச் சரி. கந்தரெல்லைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். இங்கே இலையுதிர்காலக் கடைசியில் வரும் குழல் கந்தரெல்லைத் தேடுகிறவர்கள் சிலந்திவலைக் காளான் வகை ஒன்றைச் சேர்த்துப் பறித்துவிடுவதுண்டு. அது சிறுநீரகத்தை அழிப்பது. அறிகுறி தெரியவே நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள். நான் பறிப்பது தெரிந்தவரோடு போய்க் கற்ற ஒரே ஒரு வகை. மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்டுக்கே சொந்தம்.

#15 நெறியாளர்

காளான் அடையாளம் கேட்கும் பதிவுகள் இந்த இழையில் வேண்டாம். #12-இன் கேள்விக்கு #13-தான் பதில். மேலே தொடரலாம்.

#16 சிராங்கூன்_சிட்டு (சிங்கப்பூர்)

இங்க பறிக்கிற பேச்சே கிடையாது. பூங்காவிலயும் அரசு நிலத்து மரத்திலயும் மாங்கா கீழ விழுந்து கிடந்தாகூட எடுக்க நினைக்காதீங்க, அபராதம். நான் பறிக்கிறது தாழ்வாரத்துத் தொட்டியிலேர்ந்துதான், சங்குப்பூவும் கறிவேப்பிலையும். சங்குப்பூவை ஜின்னுல ஒரு மணி நேரம் போட்டா நீலம், எலுமிச்சை பட்டா ஊதா. ருசி ஒண்ணும் கூடாது. பிள்ளைங்க கைதட்டுவாங்க.

இங்கிலாந்துல சட்டம் எப்படி அண்ணே?

#17 உப்பங்கழி

@சிட்டு: இங்கே 1968 திருட்டுச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. தானா முளைச்சதோட பழம், பூ, இலை, காளானைச் சொந்த உபயோகத்துக்குப் பறிச்சா திருட்டு ஆகாது. விக்கிறதுக்குப் பறிச்சா ஆகும். 1981 வனவுயிர்ச் சட்டப்படி நிலத்துக்காரர் அனுமதி இல்லாம எந்தக் காட்டுச் செடியையும் வேரோட பிடுங்கக் கூடாது. இதுக்கு மேல, இந்தக் கரையில பாதி இடம் பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே இலைகூடக் கிள்ளக் கூடாது. எந்த ஓடை எதுல வருதுன்னு விசாரிச்சுட்டுப் போறதுதான் நல்லது. கடல் ஏறுற நேரமும் பாக்கணும். பின்னால இருக்கிற ஓடை நிறைஞ்சா திரும்பற வழி போயிடும்.

சாம்ஃபயர் தவிர நான் வைக்கப்போறது காட்டுப்பூண்டு விதை. ஏப்ரல், மே மாசத்துல ஈரக் காட்டுக்குள்ள பாய் விரிச்ச மாதிரி இலை, வெள்ளைப்பூ. பூ உதிர்ந்ததும் வர்ற பச்சை விதைக்காயை உப்புல மூணு வாரம் வச்சு அப்புறம் வினிகர்ல போட்டா ஊறுகாய் ரெடி. மார்ட்டினில ஆலிவுக்குப் பதிலா ரெண்டு போட்டா, வெங்காய ஊறுகாய் போடுற கிப்சனுக்கு ஒரு காட்டுத் தம்பி.

இதுலயும் ஒரு பொறி உண்டு. லில்லி ஆஃப் த வேலி இலையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அது விஷம். கசக்கினா பூண்டு வாசம் வருதான்னு பாருன்னு எல்லாரும் சொல்லிக்கொடுப்பாங்க. பத்து இலை பறிச்சப்புறம் விரலே பூண்டு வாசம்தான் அடிக்கும், அப்புறம் எந்த இலையைக் கசக்கினாலும் அதே வாசம். அதனால ஒவ்வொரு இலையையும் கண்ணால பாத்துத்தான் எடுக்கணும். நடுநடுவே காட்டுச் சேம்பும் முளைச்சிருக்கும். அதைக் கடிச்சா நம்ம பச்சைக் கருணை வேலையைக் காட்டிடும்.

#18 கரிசல்மண்

ஆலிவுக்குப் பதில்னா களாக்காயை விட்டுட்டீங்களே. முள்ளுப்புதர்ல தானா காய்க்கிறது. பிஞ்சா, பச்சையாப் பறிக்கணும். பறிச்ச காம்புல பால் வடிஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவிக்கிடுங்க. ரெண்டாக் கீறி, விதை எடுத்து, காய்ச்சி ஆறவச்ச உப்புத்தண்ணில போட்டு வச்சா ரெண்டு வாரத்துல பதம். ஆலிவுக்கு இல்லாத புளிப்பு இதுல இருக்கு. சென்னைத் தம்பி கிளாஸ்ல ஒண்ணு போட்டுப் பாக்கட்டும்.

#19 மாமாவின்_மருமகன்

களாக்காய் போட்டாச்சு. சூப்பர். நான் அதுக்கு முன்னாடியே ஆலிவ் உப்புத்தண்ணி ஊத்திப் போடுற டர்ட்டி மார்ட்டினியை, மாவடுத் தண்ணி ஊத்திப் போடலாம்னு பிளான் பண்ணி வச்சிருந்தேன். சரியா வருமா?

#20 பார்_மேசை

அப்படியே ஊத்தாதீங்க. மாவடு ஜாடியில மஞ்சள், மிளகாய்த்தூள், கடுகு, அதோட விளக்கெண்ணெய். மார்ட்டினி மேல விளக்கெண்ணெய் மிதந்தா குடிக்கிறவன் அன்னைக்கு ராத்திரி வேற காரணத்துக்கு முழிச்சிருப்பான்.

தனியா ஒரு சின்ன பாட்டில்ல மாவடுவை வெறும் கல்லுப்புல மட்டும் போட்டு வைங்க. அது விடுற தண்ணியை வடிகட்டி, ஒரு கிளாஸுக்குக் கால் ஸ்பூன். நம்ம உப்பு கடை ஆலிவ் தண்ணியைவிடக் கடுமை, அதனால கால் ஸ்பூனுக்கு மேல போகாதீங்க. அந்த மாங்காய்ப் பால் வாசமும் ஜூனிபரும் சேர்ந்தா அபாரமா இருக்கும், நான் போட்டுக் கொடுத்திருக்கேன்.

ஒரு விஷயத்துல மட்டும் உப்பங்கழியோட ஒத்துப்போக மாட்டேன். பொரிச்சது ஆகாதுங்கிறது உண்மையில்ல. ஸ்பெயின்ல காத்தலோனியாவில, ரேயுஸ், பார்சிலோனா பக்கமெல்லாம், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வெர்முத் குடிக்கிற நேரம்னு ஒண்ணு உண்டு. கூட வைக்கிறது ஆலிவ், உப்பு நெத்திலி, அப்புறம் உருளைக்கிழங்கு சிப்ஸ். மிதுக்கு வத்தலும் அந்த ஜாதிதான். மசாலாதான் ஆகாதே தவிர, எண்ணெய் ஆகும்.

#21 உப்பங்கழி

சிப்ஸுக்கு இறங்கி வர்றேன். சிக்கன் 65-க்கு வரமாட்டேன்.

பேச்சைப் பத்தி யாரும் எழுதலையே. இங்கே நம்ம ஆளுங்க கூடினா கொஞ்ச நேரத்துல வீட்டு விலை, விசா, பிள்ளைங்க டியூஷன், அப்புறம் ஊர் அரசியல்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சத்தம். ஆறு பேருக்கு மேல கூப்பிடாததுக்குக் காரணமும் அதுதான், எட்டு ஆனா மேசையில ரெண்டு பேச்சு ஓடும். தட்டுல சாம்ஃபயர் வச்சப்போ ஒரு தடவை நடந்தது இது. எப்பவும் வாயே திறக்காத ஒருத்தர், ஐ.டி. வேலை, ஒண்ணைக் கடிச்சுட்டு "இது உப்பளத்து ஓரத்துச் செடி"ன்னார். அவங்க அப்பா தூத்துக்குடியில பாத்தி மிதிச்சவராம். வெறுங்காலோட உப்புத்தண்ணில மிதிக்கணும், குதிகால் வெடிச்சு, வெடிப்புக்குள்ள உப்பு ஏறும், ராத்திரி அம்மா விளக்கெண்ணெய் தடவுவாங்க. மார்ச்ல வெயில் ஏற ஏறக் கண்ணு கூசி வெள்ளையா எதையுமே பாக்க முடியாதாம். பல வருஷம் பழகின ஆள், இதெல்லாம் எங்க யாருக்கும் தெரியாது. வீட்டு விலை அன்னைக்கு வரவே இல்ல.

#22 பனங்காட்டான்

நல்லாச் சொன்னியள். எங்கட வீட்டில பிரச்சினை வேற மாதிரி. பெரிய ஆக்கள் யுத்தக் காலத்தைத் தொடங்கினால் சின்னாக்கள் எழும்பிப் போயிடுவினம். புழுக்கொடியலைக் கண்டால் அவையள் இருப்பினம், "இது என்ன கட்டையா"  எண்டு கேட்டபடி. அப்ப பனையில ஏறின கதை, கிழங்குப் பாத்தி கிண்டின கதை. அதுக்குள்ளால யுத்தமும் வரும், ஆனால் அவையள் இருந்து கேப்பினம்.

#23 சிராங்கூன்_சிட்டு

எங்க வீட்டுல ரெண்டு கிளாஸுக்கு அப்புறம் பேச்சு நல்லா இருக்கும்னு நினைச்சிருந்தேன். மறுநாள் யோசிச்சா, நல்லா இருந்தது முதல் கிளாஸ் பேச்சுதான். ரெண்டாவதுல எல்லாரும் பேசினோம், யாரும் கேக்கல.

#24 சுத்தசைவம்

இதை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

சரி, எனக்கும் ஒரு கேள்வி. என் மருமகன் வீட்டுல இப்படி ஒரு கூட்டம், அடுத்த மாசம். நான் போயாகணும். எல்லாரும் சின்னக் கிளாஸைக் கையில வச்சிருப்பாங்க, எனக்கு மட்டும் பெரிய டம்ளர்ல ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பாங்க, குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. அது ஒண்ணுதான் கடுப்பு. இந்த அதலைக்காய், களாக்காய்க்கெல்லாம் ஜூஸ் சேரவும் சேராது. குடிக்காதவனுக்கு நீங்க என்ன வைப்பீங்க?

#25 பார்_மேசை

நியாயமான கடுப்பு. இதைப் பண்ணச் சொல்லுங்க.

ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு இறக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் ஜூனிபர் காயை நசுக்கிப் போட்டு, ஒரு ஸ்பூன் கொத்தமல்லி விதை, ஒரு எலுமிச்சையோட தோல் மட்டும், சின்னத் துண்டு இஞ்சி. பத்து நிமிஷம் மூடி வச்சு வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரிட்ஜ்ல நல்லாக் குளிரட்டும். சர்க்கரை கூடாது, போட்டா ஜூஸ் ஆயிடும். அதே சின்னக் கிளாஸ், ஃப்ரீசர்ல வச்சது. களாக்காய் ஒண்ணு உள்ளே, கால் ஸ்பூன் அதோட உப்புத்தண்ணி, மேல எலுமிச்சைத் தோல் முறுக்கு. ஜின்னோட வாசம் பெரும்பாலும் ஜூனிபர், மல்லி, எலுமிச்சைத் தோல்தான், அதனால மேசையில இருக்கிற எல்லாத்தோடயும் சேரும். கர்ப்பிணிகள் இருந்தா ஜூனிபர் வேண்டாம், அவங்களுக்கு அது ஆகாது.

#26 சுத்தசைவம்

ஜூனிபர் மதுரையில எங்க கிடைக்கும்?

#27 கரிசல்மண்

நாட்டு மருந்துக் கடையில சொல்லி வைங்க. வர்லைன்னா ஆன்லைன்ல சின்னப் பாக்கெட் கிடைக்கி. களாக்காய் நான் அனுப்புதேன், உப்புல போட்டதே ஒரு பாட்டில் இருக்கு.

#28 சுத்தசைவம்

அனுப்புங்க. பக்கத்துல ஈசல் பொட்டலம் எதுவும் வைக்காதீங்க. பார்_மேசை, கொத்தமல்லி விதையை வறுத்துப் போடணுமா, பச்சையாவா?

#29 பார்_மேசை

பச்சையா. வறுத்தா சாம்பார்ப் பொடி வாசம் வந்துடும்.